தையல்காரனின் சந்தேகம்

"இன்னிக்கு எவனைத் தொட்டுட்டு வந்தே?"

செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. வெங்கடசாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றான். யசோதா கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"நெஞ்சு வலின்னு வந்தவங்களைத் தொட்டேன். வழி விடுங்க, பஸ்ல நின்னுட்டே வந்ததுல கால் வலிக்குது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டும்தான்."

உள்ளேயிருந்து மாமியார் சீதாலட்சுமியின் குரல் வந்தது. "மொதல்ல பாத்ரூமுக்குப் போகச் சொல்லுடா. சுடுதண்ணி வெச்சிருக்கேன். தலைக்கு ஊத்திக்கிட்டு அப்புறம் அடுப்பாண்ட வரட்டும்."

யசோதா குளிக்கப் போனாள். கொஞ்ச நாளாகவே இதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

இந்த வெங்கடசாமி யார் தெரியுமா? பெங்களூரு பொம்மனஹள்ளியில் பேர் பெற்ற லேடீஸ் டெய்லர். கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் நாளெல்லாம் ஊராருக்குச் சட்டை தைக்கிற பெண்கள், தங்கள் ரவிக்கைக்கு இவனைத்தான் தேடி வருவார்கள். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், இவன் டேப்பைச் சுற்றி அளவெடுப்பான். அவன் வீடு திரும்பும்போது யாரும் சுடுதண்ணீர் வைத்ததில்லை. ஆண் தொட்டால் தொழில், பெண் தொட்டால் தீட்டு. எந்தப் புண்ணியவான் எழுதி வைத்த சட்டமோ, போங்கள்.

பெண் கொடுக்கும்போது யசோதாவின் அப்பா கோவிந்தப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கிற படிப்பைப் பெண் பாதியில் விடக்கூடாது என்றார். சம்பளம் வருகிற படிப்பாயிற்றே, வெங்கடசாமி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். காலேஜில் அவள் ரப்பர் பொம்மைக்கு ஒயர் ஒட்டிப் பழகிய வரைக்கும் வம்பில்லை. பொம்மையைப் பார்த்து யாருக்குப் பொறாமை வரும்? கடைசி ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று போனாள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது இவன் வயிற்றில் நெருப்பு.

வாசலில் மறித்ததற்கு மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விட்டான். ஈ.சி.ஜி. அறையின் திரை முழுசாக மூடியிருக்கவில்லை. கட்டிலில் ஒரு வாலிபன், பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்துப் பட்டறை ஆளாக இருக்கவேண்டும், உருட்டிவிட்ட மாதிரி உடம்பு. யசோதா அவன் நெஞ்சில் விரலால் எலும்பைத் தடவி எண்ணி, ஜெல்லி தடவி, ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.

"கையைத் தளர்த்தி விடுங்கண்ணா. பேசக்கூடாது. பயப்படாதீங்க, ஷாக் எல்லாம் அடிக்காது."

அந்த 'பயப்படாதீங்க' வெங்கடசாமியின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படிக் கனிவாகச் சொன்னாளா என்று நினைத்துப் பார்த்தான். சொல்லியிருந்தாள். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

பயிற்சிக்குப் பொறுப்பான ஜோசஃபின் மேடத்தைத் தேடிப் பிடித்தான். "மேடம், எங்க வூட்டுப் பொண்ணுக்கு லேடீஸ் பேஷண்ட் மட்டும் குடுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லா விதமான பேஷண்டையும் எடுத்துப் பழகினாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லேன்னா பரீட்சை இல்ல. ரெண்டு வருஷப் படிப்பு வீணாப் போயிடும். அப்படி வேணும்னா அவளே வந்து சொல்லட்டும்."

சாயங்காலம் யசோதா வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்கு வந்தாள். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் சோனியா அப்போதுதான் தைத்து முடித்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போயிருந்தாள். அவள் கொண்டுவந்த புதுத் துணி மேஜை மேல் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களாமே. மேடம் சொன்னாங்க."

வெங்கடசாமி மெஷினை நிறுத்தினான். "வந்தேன். கண்ணால பார்த்தேன். லேடீஸ் மட்டும் போதும்னு நாளைக்கு நீயே சொல்லிடு. இல்லேன்னா படிப்பை நிறுத்திக்கோ."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பா? அவன் நெஞ்சு மேல கை வெச்சியே, அப்போ உனக்கு ஒண்ணுமே தோணல?"

"பேப்பர்ல கம்பி மாதிரி கோடு வருதே, அது தெளிவா வருதான்னு பார்ப்பேன். வேற என்ன தோணும்?"

"யாருகிட்ட கதை விடறே?" பொறாமை கண்ணை மறைத்தது, கடையில் இன்னொருத்தி இருப்பது நினைவில் இல்லை. "நானும் இத்தனை வருஷமா தொழில் பண்றேன். ஒடம்பைத் தொட்டா மனசுல ஒண்ணும் தோணாதாமா? வேலைங்கறது கைக்குத்தான், மனசுக்கு இல்ல. எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். அதைத்தான் அவன் இத்தனை நாளும் செய்திருக்கிறான்.

யசோதா அவனையே பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு, அருவருப்புத்தான் வந்தது.

திரை விலகியது. சோனியா தன் பழைய ரவிக்கையையே போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி வெளியே வந்தாள். தைத்த ரவிக்கைக்கு உண்டான கூலியை மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் கிடந்த புதுத் துணியை எடுத்து மடித்தாள்.

"ஏம்மா, அளவு எடுக்க வேணாமா?" வெங்கடசாமி டேப்பை எடுத்தான்.

"பேடண்ணா, வேணாம். வேற எங்கேயாவது லேடி டெய்லர்கிட்ட குடுத்துக்கிறேன்."

அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே படி இறங்கிப் போனாள். விடிந்தால் அவள் கம்பெனி லைனில் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அவன் வாடிக்கைக்காரிகள்.

"பார்த்தியா, உன்னாலதான்," என்று ஆரம்பித்தவன், மேஜை மேல் கிடந்த கூலியைப் பார்த்தான்.

யசோதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு ஆம்பளைங்க வார்டுல டூட்டி. சீக்கிரம் கெளம்பணும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.