லிஃப்ட்காரர் பேசிக்கொண்டிருந்தார்

ரொட்டித் தட்டை முக்காலியில் வைத்து, பால் தம்ளரை அதன் பக்கத்தில் நகர்த்திவிட்டு அவள் நான்கு எட்டு பின்னால் வந்து நின்றாள். அப்பா பின்னறைக் கதவைத் திறந்து தட்டை எடுத்து, மறுபடி சாத்திக்கொள்ளும்வரை கிட்டே போகக் கூடாது. ஒன்பது நாளாக அதுதான் ஏற்பாடு.

கதவு திறக்கவில்லை. உள்ளே அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. மெதுவா விடுங்க. ஆங், அப்படித்தான். ஜன்னல்கிட்ட நிக்காதீங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு சுவரோட சாஞ்சு உட்காருங்க. நான் எங்கயும் போகல."

"அப்பா, பால் ஆறுது."

பேச்சு நிற்கவில்லை. யாரிடமாவது பேச ஆரம்பித்துவிட்டால், வீடே இடிந்து விழுந்தாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. பத்தரைக்கு அவளுக்கு வேலை. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். கூடத்து மூலையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அப்பாவின் குரலில் இருமல் இல்லை. நேற்றைக்கு இன்று தேவலாம் என்று மனசு கொஞ்சம் லேசானது.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அந்த ஊரின் உயரமான கட்டடங்களில் பாதி அவர் கைபட்டவை. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால், போனவுடன் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுக்க மாட்டார். உதவியாளை மேலே மெஷின் ரூமுக்கு அனுப்பிவிட்டு, சாத்திய கதவுக்கு வெளியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். "இவர் கையால ரிப்பேர் பண்றதில்ல, வாயால பண்றார்" என்று கம்பெனியில் கேலி செய்வார்கள். அவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது.

"ரெண்டு நிமிஷத்துல திறந்துடுவோம்னு மட்டும் சொல்லக் கூடாது பாப்பா. உள்ள இருக்கறவன் நூத்தி இருபது வரைக்கும் எண்ணுவான். நூத்தி இருபத்தொண்ணுல அவனுக்குப் பைத்தியம் பிடிச்சிடும். நேரமாகும்னு உள்ளதைச் சொல்லிடணும்."

ஊர் அடைக்கப்பட்டபோது முதல் இரண்டு நாள் அவர் கூண்டுப் புலியாக அலைந்தார். வீட்டிலிருந்த எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டார். போட்டதற்கே திரும்பவும் போட்டார். மூன்றாம் நாள் பழைய புகார் டைரிகளைப் பரண்மேலிருந்து இறக்கினார். எந்தக் கட்டடம், எத்தனை மணி நேரம், உள்ளே யார், அவர்கள் போன் நம்பர் என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. தனியாக இருப்பவர்களாகப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். பத்தொன்பது பேர் தேறினார்கள். காலையில் பாதி, மாலையில் பாதி.

காய்ச்சல் வந்து பின்னறைக்குப் போனபோதும், தலையணைக்கு முன்னால் சார்ஜரைத்தான் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள்.

"அங்க போனா படுக்க வெச்சுடுவாங்க. இங்க பத்தொம்பது பேர் உள்ள இருக்காங்க பாப்பா," என்றார், ஏதோ பத்தொன்பது பேரும் ஒரே லிஃப்டில் தொங்கிக்கொண்டிருப்பதுபோல.

ஹெட்போனை அவள் கழற்றியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. பால்மேல் ஆடை தடித்துக் கிடந்தது.

"அப்பா?"

சத்தமே இல்லை. அவர் எண்ணுக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது. கதவைத் தட்டினாள், பலமாகத் தட்டினாள். சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, "நீங்க உள்ள போகாதீங்க, நாங்க வர்றோம்" என்றார்கள். சரி என்றாள். சொன்னபடியே நின்றாள்.

சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண்ணின் தயங்கிய குரல்.

"லிஃப்ட்கார சார் பொண்ணாம்மா? நான் பதினோராம் மாடியில இருக்கேன். தையல்காரி. ஒருதரம் துணி மூட்டையோட லிஃப்ட்ல மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டேன், அப்போலேர்ந்து சாரைத் தெரியும். ஒரு மணிக்கு உனக்குப் போன் பண்ணச் சொன்னார்."

"அப்பாவா? எப்போ சொன்னார்?"

"காலையிலதான். பத்து மணிக்கு மேல இருக்கும். உன் நம்பரையும் அவர்தான் சொன்னார், எழுதிக்கிட்டேன். உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. ரெண்டு மாசமா ஒத்தையாளா இருக்கேனா, இன்னிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் கீழயே பார்த்துட்டு நின்னேன். அப்பத்தான் போன் அடிச்சுது. நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார்."

அவளுக்குத் தெம்பு வந்தது. பத்து மணிக்கு மேல் இவ்வளவு தெளிவாகப் பேசியவர் அசந்து தூங்குகிறார், அவ்வளவுதான்.

"வேற என்ன சொன்னார்?"

"என் பொண்ணு கொஞ்ச நேரத்துல தனியா மாட்டிக்குவா, பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்னார்."

வாசலில் அழைப்பு மணி அடித்தது.

தலைமுதல் கால்வரை வெள்ளை உறை போட்ட இரண்டு பேர் வந்திருந்தார்கள். பின்னறைக் கதவை ஒருவர் லேசாகத் தள்ளினார். திறந்துகொண்டது. தாழ் போடவே இல்லை, வெறுமனே சாத்தியிருந்தது. எண்ணெய் போட்ட கீல் முனகக்கூட இல்லை. அவள் கூடத்திலேயே நின்றாள். அங்கிருந்து கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது.

பத்து நிமிஷம் கழித்து அவர்களில் ஒருத்தி வெளியே வந்தாள். குரலை வைத்துத்தான் பெண் என்று தெரிந்தது.

"அப்பா தவறிட்டாரும்மா. தூக்கத்துலயே போயிருக்கார்."

"இப்பவா?"

"இல்லம்மா. உடம்பு நல்லா விறைச்சுப் போச்சு. விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கணும்."

"இல்ல," என்றாள் அவள். "பத்து இருபதுக்குப் பேசிட்டிருந்தார். இந்த இடத்துல நின்னு கேட்டேன்."

"இந்த மாதிரி சமயத்துல அப்படித் தோணும்மா."

"எனக்குத் தோணல. கேட்டுது."

பதினான்கு வருஷமாகக் காதை வைத்துப் பிழைப்பவள் அவள். காதில் விழாத ஒரு சொல்லைக்கூட இதுவரை தட்டச்சு செய்ததில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கண்கள் தூங்கிப் பல நாளாகியிருந்தன.

அப்பாவின் போனையும் ஒரு தாளையும் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார்கள். தாளில் அவர் கையெழுத்து. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி காட்டிய எண்களைத் தேதி போட்டு எழுதியிருந்தார். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. எண்பத்துநாலு. வேளாவேளைக்கு அவள் வெளியே நின்று, "எவ்வளவுப்பா?" என்று கேட்டபோதெல்லாம் உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வந்திருந்தது: "தொண்ணூத்தஞ்சு பாப்பா, ஜம்முனு இருக்கேன்."

ஊரில் அத்தனை பேருக்கும் உள்ளதைச் சொன்னவர்.

போனைச் சார்ஜில் போட்டுத் திறந்து பார்த்தாள். கடைசியாகப் பேசியது நேற்று மாலை ஏழு நாற்பது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தையல்காரியின் எண் நேற்றைய அழைப்புகளில் இருந்தது. இன்றைய தேதியில் எந்த எண்ணும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் ஒரு புத்தகத்தைத் தூக்கி வைத்தாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. உடலை வைத்த பையின் ஜிப்பை மயானத்துக்குப் போனபிறகும் திறக்கக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவளும் பதினான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. படியில் அவர்கள் இறங்க இறங்க, பின்னால் வந்தவர் மருந்து தெளித்துக்கொண்டே போனார். எதிர்வீட்டுக் கதவின் கண்ணாடித் துளை ஒருமுறை இருண்டு மறுபடி வெளுத்தது. யாரும் வெளியே வரவில்லை. மருந்து வாடை போகட்டும் என்று அவள் வாசல் கதவைத் திறந்தே விட்டாள்.

தையல்காரி மறுபடி கூப்பிட்டாள்.

"சார் எழுந்தாராம்மா?"

தூங்குகிறார் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஜன்னலருகே நின்ற பெண், பதினோராவது மாடி. இவளிடம் போய் எதைச் சொல்வது? வெளிநாட்டிலிருந்த அண்ணனிடம் போனில் சொன்னபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை.

"ஜன்னல் சாத்தியிருக்கா?" என்று கேட்டாள்.

"அப்பவே சாத்திட்டேன்."

"அப்பா போயிட்டார்."

எப்போது என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூச்சு மட்டும் மெதுவாக, எண்ணி எண்ணி விடுவதுபோல் கேட்டது.

"உன்கூட யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்போ போனை வெக்காதே. நீ பேச வேண்டாம். நான் பாட்டுக்கு மெஷின் ஓட்டிட்டு இருக்கேன். கட்டடத்துல எல்லாருக்கும் மாஸ்க் தைக்கணும். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இரு."

ஐந்தரைக்கு அண்ணன் கம்ப்யூட்டர் திரையில் வந்தான். சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தான். மயானத்தில் ஓர் ஊழியர் போனைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளைக் கையுறை, ஒரு துண்டு வானம், நீளமான பை. அண்ணன், "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றான். படம் உறைந்தது. மறுபடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊழியர், "அவ்வளவுதாங்க" என்றார். அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு திரையிலிருந்து விலகினான். காலி நாற்காலி மட்டும் தெரிந்தது.

அவள் போனைக் காதோடு வைத்திருந்தாள். தையல் மெஷின் கடகடவென்று ஓடி, நின்று, திரும்பவும் ஓடியது. துணியைத் திருப்பும் ஓசைகூடக் கேட்டது. பிறகு நின்ற மெஷின் வெகுநேரம் ஓடவில்லை.

கொஞ்சம் தள்ளி, வாயைப் போனிலிருந்து விலக்கி, தையல்காரி யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள்.

"லைன்லதான் இருக்கா சார்... இல்ல, இன்னும் அழல... சரி. சாப்பிட வெக்கறேன்."

மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். திறந்திருந்த வாசல் வழியே படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெளித்துவிட்டுப் போன மருந்து, ஒவ்வொரு படியிலும் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டு வந்தது.