அக்காவின் பத்திரிகையில் இல்லாத எழுத்து

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. சங்கரன்கோவிலில் நஸ்ரின் பானு நடத்தும் டிடிபி சென்டருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஒட்டுக்கேட்டது. 'கோபுரத்துப் புறாக்கள் சிறகடித்து' என்று தொடங்கினேன்; நிறுத்திவிட்டேன். புறாக்களுக்கு இதில் வேலை இல்லை.

வேலையெல்லாம் அங்கே வந்திருந்த முத்துமாரிக்குத்தான். திருவேங்கடத்தில் ஆபீஸ் உத்தியோகம். கட்டிக்கொள்ளப் போகிறவர் ஜெஃப்ரின், வேதக்காரப் பையன், அதாவது கிறிஸ்தவர். அப்பா வெள்ளத்துரை சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு:

"ஒங்க அக்காவுக்கு அடிச்ச அதே எழுத்துல பத்திரிகை அடி. தட்டுல வச்சு வீடு வீடா நானே கொண்டு போறேன். எழுத்து மாறிச்சுன்னா சொந்தக்காரன் ஏன்னு கேப்பான். நான் வாசல் தாண்ட மாட்டேன்."

அக்கா பத்திரிகையை அடித்த அச்சகம் மூடிக் கிடப்பது அவருக்கும் தெரியும். (இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

2

மிஞ்சியது, அக்கா ஜெயசித்ராவின் பத்திரிகை, வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப்.

"ழவோட வாலைப் பார்த்தே ஃபான்ட் பேரைச் சொல்லிருவேன்" என்று நான் மூக்கை நுழைத்தேன். சொன்னேன். தப்பு. இன்னொன்று சொன்னேன்.

"சார், ஒங்க ஜெராக்ஸ் ஆயிட்டு" என்றாள் நஸ்ரின்.

நான் போகவில்லை. அவள் ஃபைலின் விவரங்களைத் திறந்து, அதில் 'ஃபான்ட்ஸ்' என்ற பகுதியைத் தட்டினாள். ஆறு ஆங்கில எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, பிறகு 'பிச்சிப்பூ'.

"கெடச்சிட்டாக்கா?" என்றாள் முத்துமாரி.

"பேரு கெடச்சிட்டு. ஆனா இந்தக் கூட்டல் குறி இருந்தா முழு ஃபான்டும் உள்ள இல்லன்னு அர்த்தம். ஒங்கக்கா பத்திரிகையில வந்த எழுத்து மட்டுந்தான் இருக்கும்."

இணையத்தில் துழாவினார்கள். பிச்சிப்பூ எங்கும் பூக்கவில்லை.

"இருக்க எழுத்த வெட்டி ஒட்டுங்க" என்றாள் முத்துமாரி. "நான் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

3

ஒட்டினார்கள். மாமன்மார் வந்தார்கள், சித்தப்பாமார் வந்தார்கள், மண்டபம் வந்தது. மாப்பிள்ளை பெயரில் வேலை நின்றது. ஜெயசித்ரா கல்யாணத்தில் ஃ உள்ள சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை.

"ஜெப்ரின்னு போட்டுருவோமா?"

"அவர் பேர நான் எதுக்குக்கா கொறைக்கணும்?"

[இந்த இடத்தில் மத நல்லிணக்கம் பற்றி ஒரு பத்தி இருந்தது. திரும்பப் படிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது.]

முத்துமாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு புள்ளிதானக்கா? இதுல புள்ளிக்கா பஞ்சம்?"

நஸ்ரின் சிரித்துவிட்டாள். கண்ணில் முதலில் பட்ட வெள்ளத்துரையின் பெயரிலிருந்து இரண்டு புள்ளிகளை நகலெடுத்து ஒட்டினாள். அந்நேரம் பார்த்து அவரே வந்து நின்றார்.

"ஏட்டி, எம்பேர்ல என்னத்த நோண்டுதீய?"

"புள்ளி எடுக்கோம்ப்பா. ஒங்க மருமகனுக்கு."

4

முத்துமாரி மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "மூணாவத எங்கன இருந்து எடுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

எதை எடுத்தாலும் ஒன்றுதான். ஒரே ஃபான்ட், ஒரே புள்ளி. அது அவளுக்கும் தெரியும்.

முடிவு ஒன்று: அக்கா பத்திரிகையில் 'தங்கை முத்துமாரி' என்றிருந்த இடத்தைக் காட்டினார். (ரொம்பத் தித்திப்பு.)

முடிவு இரண்டு: துண்டை உதறிவிட்டு இறங்கிப் போனார். (எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: "எனக்குக் கண்ணு சரியாத்..." (போதும், நிறுத்திவிட்டேன்.)

நடந்தது இதுதான். வெள்ளத்துரை கண்ணாடியை மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலை நீட்டினார். நானும் கழுத்தை நீட்டினேன்.

"சார், குடும்ப விஷயம். கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் நஸ்ரின்.

நிற்கிறேன். கண்ணாடிக் கதவு வழியே அவர் விரல் தெரிகிறது. எந்த எழுத்தின் மேல் என்று தெரியவில்லை. நான் குள்ளம். நீங்கள் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.