இசக்கி அக்காவுக்கு ஊற்றிய திரவம்

என் அக்கா இசக்கி மார்ச் மாதத்திலிருந்து கந்தகமாக இருக்கிறாள். பேட்டரி செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில், மூன்றாம் மேசை மின்கலத்தின் ஒரு பக்கம் அவள் இருக்கிறாள். மறுபக்கம் லித்தியமாகிவிட்ட அத்தான். நடுவில் ஒரு தடுப்பும் ஈதர் திரவமும்.

மின்சாரம் வர அக்கா கரைய வேண்டும். கரைந்தவளில் கொஞ்சம் தடுப்பைத் தாண்டி அத்தான் மேல் படிந்துவிடுகிறது. மின்னேற்றினாலும் முழுவதும் திரும்புவதில்லை. அத்தானுக்கு அதில் புகார் இல்லை.

முதல் நாள் நூறு பங்கு இருந்தாள். நேற்று அறுபத்தொன்று. நான் தவறாக அளந்திருக்கலாம் என்று மறுபடியும் அளந்தேன். அறுபது.

"ஏட்டி, உம் பேரென்ன?" என்று கேட்டாள்.

"செல்வராணி."

"நல்ல பேரு. யாரு வச்சா?"

"நீதான்க்கா."

திரவத்தை மாற்ற முடிவு செய்தேன்.

வகுப்பு நடத்தும் நல்லதம்பி சாரின் அறைக்குப் போகும் தாழ்வாரம் இன்று நாற்பது அடி கூடுதலாக இருந்தது. அவர் படிவம் கொடுத்தார். கந்தகத்துக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். தங்கை என்று எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன்.

"எதம்மா ஊத்தப் போற?"

"கார்பனேட் சார். மத்த மேசையில போன் பேட்டரிக்கு ஊத்துறதுதான்."

"அதுல கந்தகம் கிடையாதே."

"அங்க யாரும் குறையல சார். நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்."

"குறிச்சிருந்தா சரி" என்று முத்திரை குத்தினார்.

பழைய திரவத்தை வடித்துப் புதியதை ஊற்றினேன்.

"குளுகுளுன்னு இருக்குட்டி" என்றாள் அக்கா.

வழக்கம்போலக் கரையத் தொடங்கினாள். ஆனால் தடுப்பு வரை போகவில்லை. திரவத்தையே பிடித்துக்கொண்டாள். திரவம் அவளைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து வேறொன்றாயின. அதற்குப் பெயர் இருக்கும். எனக்குத் தெரியவில்லை.

உடனே மின்னேற்றினேன். யாரும் திரும்பவில்லை. கம்பிகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏற்றினேன். அக்கா இருந்த பக்கம் அவள் ஒட்டியிருந்த கரி மட்டும் இருந்தது.

மறுபக்கத்திலிருந்து அத்தான் தடுப்பைத் தட்டினார்.

"இசக்கி, வந்துட்டியா?"

வகுப்பு முடிந்து எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து தடுப்பருகே வாயை வைத்தேன்.

"வந்துட்டேன்."

"இன்னைக்குக் கொஞ்சமாத்தான் வந்திருக்க போல."

"ஆமா" என்றேன். "கொஞ்சந்தான்."