அப்பன் பங்கு

கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள், சரசு லைனில் இருந்த இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே பேச்சுத்தான்.

"நாளைக்கு என் பொண்ணு வந்து சொம்பை நீட்டினா ஊத்தாதீங்கக்கா. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

சிலர் தலையாட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். "கூழுதானடி, தண்ணி மாதிரி எறங்கிடும்" என்றாள் ஒருத்தி. "பெத்த புள்ள திங்கறத அளந்து பாக்கறவள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் இன்னொருத்தி, அவள் முதுகு திரும்புவதற்குள்ளேயே. கோயில் கமிட்டி சின்னப்பா மட்டும் நின்று பேசினார்.

"ஆடிக் கூழ் கேட்டு வந்த வாய்க்கு இல்லன்னு சொல்லக் கூடாதும்மா. நாய் வந்தாலும் ஊத்தணும். எந்தப் பொம்பளைகிட்டயும் ஊத்தாதன்னு நான் சொல்ல முடியாது."

பொம்மசந்திராவில் வார்ப்படக் கம்பெனிகளை நம்பி வந்து தங்கிய தர்மபுரி, கிருஷ்ணகிரி சனங்கள் போட்ட கோயில் அது. மகள் சுனிதாவுக்காகச் சரசு மண்சோறு தின்றதும் அங்கேதான். பிறந்தபோது சுனிதா நனைந்த துணி மாதிரிக் கிடந்தாள். அழுகை இல்லை, முலையைப் பிடித்து உறிஞ்சத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டே இரண்டு வருஷம் ஓடியது. என் பிள்ளைக்குப் பசியைக் கொடு ஆத்தா என்று கேட்டாள். மூன்றாம் வயதில் பசி வந்தது. பொங்கல் வைத்தார்கள். அந்தப் பசி பிறகு நிற்கவேயில்லை. பச்சை மாவு, மாட்டுக்கு வைத்த கழனி, பேக்கரிக்காரன் கொட்டிய குப்பை என்று எதையும் விடவில்லை. எட்டு வயதில் ஐம்பத்தாறு கிலோ. கையும் பாதமும் மட்டும் நாலு வயதுப் பிள்ளைக்கு உள்ள அளவு.

பங்குனியில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். டாக்டரம்மா கன்னடக்காரி, தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

"ஜீன் எல்லாம் ரெண்டு ரெண்டா வரும்மா. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. இவளுக்கு அப்பா பக்கத்துல ஒரு துண்டு இல்லை. நீங்க குடுத்தது முழுசா இருக்கு. ஆனா அந்த எடத்துல அம்மா குடுத்தத உடம்பு வேலை செய்ய விடாது. சும்மா இருன்னு வெச்சிடும். உங்களுக்கும் எனக்கும்கூட அப்படித்தான். அப்பா குடுத்தது இருக்கறதால நமக்குத் தெரியறதில்லை."

சரசுவுக்கு, சுனிதாவை ஸ்கூலில் சேர்க்கப் போனபோது அம்மா கையெழுத்து ஆகாது, அப்பாவைக் கூட்டி வா என்று குமாஸ்தா ஃபாரத்தைத் திருப்பித் தள்ளியது ஞாபகம் வந்தது. உடம்புக்குள்ளேயும் அதே சட்டமா?

"என்னுது நல்லாத்தான இருக்கு? அத எழுப்பி விட முடியாதா மேடம்?"

"இன்னிக்கு மருந்து இல்லம்மா. சோத்தைப் பூட்டி வெக்கறதுதான் மருந்து. வயிறு ரொம்பினது இவளுக்குத் தெரியாது. வாந்தியும் வராது, வலியும் சரியாத் தெரியாது. ஒருநாள் அளவு மீறிட்டா வயிறு கிழிஞ்சிடும்." பிறகு சரசுவின் புருஷன் முனியப்பனைப் பார்த்தாள். "இதுல யார் மேலயும் தப்பு இல்லப்பா. தானா விட்டுப் போனது."

முனியப்பன் தலையாட்டினான். ஆனால் கல்குவாரியில் பசிக்கு ஈரத்துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்து வளர்ந்தவனுக்குப் பாதிப் பேச்சுத்தான் காதில் ஏறியது. மறுநாளிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் சட்டைக்குள் பன் இருந்தது. சரசு ஒருநாள் கண்டுபிடித்துச் சட்டையைக் கிழித்தாள்.

"நான் குடுக்காம விட்டதாலதான இப்படித் திரியுது? கேக்கறப்பவாவது குடுக்கறேன், விடு" என்றான். அவன் அழுது அன்றுதான் பார்த்தாள்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை பம்பைச் சத்தம் கேட்டதிலிருந்து சுனிதா கதவில் முட்டிக்கொண்டிருந்தாள். சரசு வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடினாள். நாலு குடம். திரும்பி வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. குடத்தை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள்.

தவலைகளை வரிசையாக வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தவலையின் முன்னால் சுனிதா. கவுனின் முன்பக்கம் முழுக்கக் கூழ். பக்கத்தில் முனியப்பன், உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஒரு சொம்புதான் ஊத்தினேன்" என்றாள் அந்தத் தவலைக்காரி.

"நானும் ஒண்ணுதான்."

"நானும்."

சரசு கவுனைத் தூக்கி வயிற்றில் கை வைத்தாள். பாறை மாதிரி இருந்தது. தோல் இழுத்து மினுமினுத்தது.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. இன்னொண்ணு."

"கையை வெச்சுப் பாருய்யா!" சரசு அவன் கையைப் பிடித்து இழுத்து அந்த வயிற்றின்மேல் அழுத்தினாள். "உன் பங்கு குடுத்துட்டியா? முழுசாக் குடுத்துட்டியா?"

அவன் முகம் வெளுத்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டால் வயிறு அமுங்கும் என்று, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓசூர் ரோட்டுக்கு ஓடினான். ஆட்டோக்காரன் பார்த்த மாத்திரத்தில் "ஜல்தி ஏறுப்பா" என்றான். நூறு அடிகூடப் போகவில்லை. கரகம் எதிரே வந்து ரோட்டை அடைத்தது. ஹாரன் பம்பையில் அமுங்கிப் போயிற்று. சுனிதாவின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. கண் மட்டும் கூட்டத்தின் தவலைகள்மேல் இருந்தது.

மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி குனிந்து ஆட்டோவுக்குள் சொம்பை நீட்டினாள். "ஐயோ, புள்ளைக்கு மயக்கமா? ஆத்தா கூழு, ஒரு வாய் குடுங்க."

சுனிதா வாயைத் திறந்தாள். முனியப்பன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினான். அவள் கடித்தாள். பெருவிரலுக்குக் கீழே பல் இறங்கி, ரத்தம் அவள் மோவாயில் காய்ந்திருந்த கூழின்மேல் வழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை. ஆட்டோ நகராமல் நின்றிருந்தது. சரசு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.