உளுந்து குடித்த மோட்டார்

பழைய மோட்டார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. வண்டி கெட்டுப்போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதை நாம் சரிசெய்யப் போகும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

காளிகாட்டில் மஹாதேவன் என்று ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர், போகிற போக்கில் தம் பழைய மோட்டாரை இவரிடம் விற்றுவிட்டுப் போனார். துரை ஏன் அத்தனை சந்தோஷமாகக் கைகுலுக்கினார் என்பது பின்னால்தான் புரிந்தது. முன்னால் கைப்பிடியைச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். கட்டைவிரலை மடக்கிப் பிடித்தால் அது திருப்பி அடிக்கும் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டார். வலது கை கட்டோடு இருக்க, மனைவி ராஜலக்ஷ்மி சாதம் பிசைந்து ஊட்டினாள். மழையில் பிரேக் பிடிக்காது என்பதை ஒரு சந்தேஷ் மிட்டாய்க் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். கடை அதற்குப் பிறகு சற்று உள்ளே தள்ளியிருந்தது.

இப்படியிருக்கையில், காசிக்குப் போய்த் திரும்புகிற வழியில் பத்து நாள் தங்குவதாக மஹாதேவனின் மாமா வைத்தீஸ்வரன் ஆவணியில் வந்தார். கார்த்திகை முடியப்போகிறது, இன்னும் முன்னறையில்தான் படுத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் ராஜலக்ஷ்மிக்கு அந்த அறை வேண்டியிருந்தது. அவள் தங்கை ஜலஜா ரங்கூனிலிருந்து புருஷனோடு மார்கழியில் கப்பலில் வருகிறாள். கல்யாணமாகிப் போனவளை அதன்பின் பார்க்கவே இல்லை. தங்க இடமில்லையென்றால் துறைமுகத்திலிருந்து நேரே ரயிலேறிவிடுவாள்.

மாமாவோ மார்கழியில் பயணம் கிளம்பமாட்டார். கார்த்திகையின் கடைசி நல்ல நாளில் மதராஸ் மெயிலில் போவதென்று ஒருவழியாக முடிவாயிற்று. வாடகை வண்டியிலும் ஏறமாட்டார். யார் யார் உட்கார்ந்ததோ என்பார். ஆகவே மோட்டார்.

அதற்கு முதல் நாள் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. இஞ்சின் சூடாகாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிவைக்கிற பித்தளைப் பெட்டி அது. மோட்டார் பழுதுபார்க்கிற நிதாய் மிஸ்திரி வந்து குனிந்து பார்த்தான். "ஒரு முட்டையை உடைச்சு உள்ளே ஊத்துங்க பாபு. சூட்டிலே வெந்து ஓட்டையை அடைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"முட்டையா! மாமா உட்கார்ற வண்டியிலேயா?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"அது முன்னாடின்னா இருக்கு. அவர் பின்னாடி உட்காரப்போறார்."

"ஆவி பின்னாடிதானே வரும்? தெரிஞ்சா ஏறமாட்டார். ஏறலேன்னா தை வரைக்கும் நகரமாட்டார். அப்புறம் ஜலஜா எங்கே படுத்துப்பா, உங்க மோட்டார்லேயா?"

"சரி, வேற என்ன பண்றது?"

"வெந்தா கெட்டியாகணும், அவ்வளவுதானே? உளுந்து ஆகாதா?"

மஹாதேவன் யோசித்துப் பார்த்து, ஆகும் என்றார்.

எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. குறைவாகப் போய்விடக்கூடாதென்று, இட்லிக்கு அரைத்த உளுந்தில் ஒரு சொம்பு வழித்து ஊற்றினாள். ஒழுகல் நின்றுவிட்டது. இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அரைத்த உளுந்து ராத்திரி முழுக்க என்ன செய்யும் என்று அந்தத் தெருவிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பித்தளைப் பெட்டிக்குள்ளும் அது அதையேதான் செய்யும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ராகுகாலம் கழிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினார்கள். சௌரங்கித் தெரு வரை ஒரு குறையுமில்லை. ஹௌரா பாலம் அப்போது மிதவைப் பாலம்; கப்பலுக்காக நடுவே பிரித்து வழி விட்டிருந்தார்கள். பாலம் மறுபடி சேர்ந்ததும் மாட்டு வண்டிகளுக்கு நடுவே மோட்டார் நத்தை போல ஊர்ந்தது. பாதிப் பாலத்தில் ரேடியேட்டர் மூடி மேலே பறந்து ஹூக்ளியில் விழுந்தது. பின்னாலேயே வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வழிந்தது.

மாமா மூக்கை உறிஞ்சினார். "ராஜி, இட்லி வாசனை வரதே?"

"இஞ்சின் வாசனை மாமா" என்றார் மஹாதேவன்.

"ஏண்டா, இஞ்சின்லே உளுந்தா போட்டிருக்கே?"

பக்கத்து வண்டி மாடு ஒன்று நிதானமாக மட்கார்டை நக்க ஆரம்பித்தது.

கூலிகள் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் சேர்த்தபோது, மெயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மட்கார்டை நக்கிய அந்த மாடே வண்டிக்குப் பின்னால் கட்டிய மோட்டாரை இழுத்து வர, மூவரும் வாடகைக் குதிரை வண்டியில் வீடு திரும்பினார்கள். மாமாதான் முதலில் ஏறினார்.

வழியில் ராஜலக்ஷ்மிக்கு அழுகை வந்துவிட்டது. முட்டை, உளுந்து, ரங்கூன் கப்பல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"முட்டையையே போட்டிருக்கலாமேடி" என்றார் மாமா. "சாப்பிடப்போறது வண்டிதானே?"

"நீங்க ஏறமாட்டேளேன்னு..."

"என்னைக் கேட்டியோ?"

கேட்கவில்லை.

"நான் கிளம்பறேன்னு எப்போ வாயைத் திறந்தாலும், இன்னும் ரெண்டு நாள் இருங்கோ மாமான்னது யாரு?"

அதுவும் அவள்தான். வந்தவர்களிடம் வேறு எப்படிச் சொல்வாள், பாவம்!

மாமா அவள் கண்ணைத் துடைக்கத் தம் மேல்துண்டை நீட்டினார். "ஜலஜாவை வரச்சொல்லு. முன்னறை அவாளுக்கு. நான் மோட்டார்லே படுத்துக்கறேன். அது எங்கேயும் போகப்போறதில்லை."

அப்படியே நடந்தது. மார்கழி முழுக்கக் கொட்டகையில், பின் ஸீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாமா தூங்கினார். ரங்கூன்காரி விடியற்காலையில் காபி கொண்டுபோய்க் கதவைத் தட்டுவாள். அக்காவும் தங்கையும் முன்னறையில் பேசிய பேச்சு கொட்டகை வரை கேட்குமாம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன் என்று மாமா பிற்பாடு சொன்னார்.

நிதாய் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளேயிருந்ததைச் சுரண்டினான். ஒரு துண்டை முகர்ந்து பார்த்தான். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேற்கொண்டு சுரண்டினான். எல்லாம் போனபின் பழைய ஓட்டை அப்படியே இருந்தது.

தை பிறந்து, மாமா கிளம்புகிற நாளும் வந்தது. நிதாய் முட்டையும் கையுமாக வண்டியருகே நின்றான். மாமா முன்கூட்டியே ஏறிப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ராஜலக்ஷ்மி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசற்படியிலிருந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏன்னா, ஒண்ணு போதுமா? எதுக்கும் ரெண்டாப் போட்டுடச் சொல்லுங்கோ."