கழற்றி எறிந்த குழாய்

டாக்டர் திருச்செல்வம் போனில் வந்தாலே லோகேஸ்வரிக்கு முகம் சுளிக்கும். மலேசியாவில், கிள்ளானின் அந்தத் தனியார் மருத்துவமனையில் அவரே வாய்வழியாகக் கேமரா விடுவார், அவரே கத்தியும் எடுப்பார். பித்தக்குழாய்க்குள் சின்ன பிரஷ் விட்டுத் தேய்த்து, ஒட்டி வரும் செல்களைக் கீழ்த்தளத்து லேப்புக்கு அனுப்புவார். அவை புற்றுநோயா இல்லையா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் லோகேஸ்வரி. அவள் சொல்வதற்குள் மனிதர் நோயாளியிடம் சொல்லி முடித்திருப்பார். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

"லோகேஸ், தம்புசாமி ரிப்போர்ட் என்னாச்சு? வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் புக் பண்ணிட்டேன். கேன்சர்னு எழுதிடுங்க லா, எனக்குப் பார்த்தாலே தெரியும்."

"தெரியும்னா எனக்கு எதுக்கு டாக்டர் அனுப்புறீங்க?"

போனை வைத்தாள். எரிச்சல் என்னவென்றால், இந்தத் தடவை அந்த ஆள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. செல்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, உட்கருக்கள் கறுத்து வீங்கிக் கிடந்தன. மனமில்லாமல் ரிப்போர்ட்டை எழுதி முடித்தாள். கையெழுத்துதான் பாக்கி.

அப்போதுதான் யாரும் வராத லேப் கவுண்டருக்கு ஒரு பெண் வந்து நின்றாள். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் தம்புசாமியின் மனைவி, சந்திரகலா.

"டாக்டர், பாதி வயித்தையே வெட்டணுங்கறாங்க. வெட்டாம முடியாதா? மூணு மாசமா அந்தக் குழாயோட நல்லாத்தானே சாப்பிட்டாரு."

"எந்தக் குழாய்?"

"முன்னாடி வேற ஆஸ்பத்திரில உள்ள வச்ச பிளாஸ்டிக் குழாய். அடைச்சிக்கிச்சுன்னு இந்த டாக்டர் அதைக் கழட்டிப் போட்டுட்டுத்தானே பிரஷ் விட்டாரு?"

பிளாஸ்டிக் குழாய் மாதக்கணக்கில் உரசினால் நல்ல செல்லும் புண்ணாகிப் புற்றுநோய்போலவே முகம் காட்டும். திருச்செல்வம் மகாராசன் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு வாயே திறக்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் லோகேஸ்வரி. அந்த ஆளோடு ஒரு வார்த்தை அதிகம் பேசப் பிடிக்காமல் கேட்காமலே விட்டிருந்தாள். அதை நினைக்க அவளுக்கே கூசியது.

மறுபடி போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பெரும்பாலானவை வெறும் புண்பட்ட செல்கள். ஓரத்தில் ஒரு கொத்து மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. எழுதியதை அழித்துவிட்டு திருச்செல்வத்துக்குப் போன் போட்டாள்.

"சந்தேகம்தான் டாக்டர். புற்றுநோய்னு எழுத முடியாது. திரும்ப பிரஷ் விடுங்க, சதையும் கொஞ்சம் கிள்ளி எடுங்க. வெள்ளிக்கிழமை வேண்டாம்."

"சந்தேகப்படவா உங்களுக்குச் சம்பளம்?" என்று சிரித்தார் அவர்.

சந்திரகலா கவுண்டரைவிட்டு நகராமல் நின்றிருந்தாள். "அப்ப கேன்சர் இல்லைங்கறீங்களா?"

"இன்னும் தெரியலைங்கறேன்மா."

"இவ்வளவு மெஷினை வச்சிக்கிட்டா?"

சந்திரகலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். திருச்செல்வத்தை இத்தனை வருஷமாக லோகேஸ்வரி பார்த்துவந்த அதே பார்வை.

நடைக்கோடி நாற்காலியில் காத்திருந்த தம்புசாமி தலையைத் தூக்கினார். கண்ணில் காமாலையின் மஞ்சள் இன்னும் வடியவில்லை. சந்திரகலா போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.