ராசியான கிளஸ்டர்

துடியலூரில் எங்கள் கம்பெனி. முதலாளி சென்னகேசவன் பரம்பரையாக மில் நடத்தியவர். இப்போது மென்பொருள் செய்கிறார். அதைச் சோதித்துப் பார்க்கிறவள் நான், அமலி. பெருந்துறைத் தொழிற்சாலை ஒன்றுக்கான கேன்டீன் மென்பொருள் ஒழுங்காக ஓடினால்தான் என் வேலை நிரந்தரம்.

சோதனைக்கென்று இணையத்தில் ஒரு கிளஸ்டர், அதாவது வாடகைக் கணினிகளின் கூட்டம், எழுப்புவோம். நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், அதில் பொய்த் தொழிலாளர்களைச் சேர்த்து, ஆளுக்கொரு சாப்பாட்டு டோக்கன் போட்டுப் பார்க்கும். முடிந்ததும் கல்யாணப் பந்தலைப் பிரிப்பதுபோல் கிளஸ்டரை அழித்துவிடும். மறுநாள் புதுசு. எல்லாம் தானாகவே நடக்கும், நடக்க விட்டால்.

ஒருநாள் எல்லாச் சோதனையும் தேறிப் பச்சை காட்டியது. அந்த நேரம் பார்த்துப் பெருந்துறைக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வந்தது வினை.

"அமலி கண்ணு, இது ராசியான கிளஸ்டருங்க. அழிச்சுப்போடாதீங்க."

"சார், அழிக்கத்தானுங்க எழுப்புறதே."

"நல்லா ஓடுற மில்லைச் சாயங்காலம் இடிச்சுப்போட்டுக் காலையில கட்டுவாங்களா அம்மணி?"

மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கிரிப்டில் அழிக்கும் வரியைத் தன் முன்னாலேயே எடுக்க வைத்தார். கிளஸ்டர் இருப்பது மும்பையில். சந்தனமும் குங்குமமும் என் மானிட்டருக்கு.

அதன்பின் தினமும் அதே கிளஸ்டரில்தான் சோதனை. ஏதாவது தவறிச் சிவந்தால் மென்பொருள் எழுதுகிறவர்கள் அதிலேயே கையால் ஒட்டுப்போட்டுப் பச்சையாக்கினார்கள். பொய்த் தொழிலாளர்களோ போகாமல் குவிந்தார்கள். எல்லோருக்கும் கருப்புசாமி என்றே பெயர் வைத்திருந்தேன், எண் மட்டும் மாறும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டாரா மனுஷன்?

பெருந்துறையில் புதிதாக நிறுவிய அன்று மென்பொருள் திறக்கவே இல்லை. ஒட்டுப்போட்டதெல்லாம் பழைய கிளஸ்டரில் அல்லவா இருந்தது! வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்த ராசியானதையே அவங்களுக்குக் குடுத்துப்போடலாமுங்க" என்றார் முதலாளி.

"உள்ளே பூராவும் கருப்புசாமிக இருக்காங்க சார். துடைச்சுப்போட்டுக் குடுக்கறனுங்க."

"ராசியைத் துடைக்கக் கூடாதுங்க."

கொடுத்தார். ஓடியது. அன்றைக்கே எனக்கு நிரந்தர ஆணையும் கொடுத்தார். சந்தோஷத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் கேன்டீன் பொறுப்பாளர் நஞ்சம்மாள் போன் செய்தார். முதலாளிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க அம்மணி, டோக்கன்படி ரெண்டாயிரம் பேருக்குச் சோறு வடிச்சுப்போட்டோம். வந்தது நூறு பேருதானுங்க. இந்தக் கருப்புசாமிக எல்லாம் எந்த ஷிப்டுங்க?"

முதலாளி முகம் வெளிறிப்போனது. "ராசி கெட்டுப்போச்சு. இப்பவே அழிச்சுப்போடுங்க!"

"இனி முடியாதுங்க சார். அந்த நூறு பேரோட சாப்பாட்டுக் கணக்கும் அதுலதானுங்க இருக்குது."

இப்போது கருப்புசாமிகளை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தமாக அழிக்க வழியில்லை. அந்தத் தொழிற்சாலையில் நிஜமான கருப்புசாமிகள் ஏழு பேர் இருக்கிறார்களாம். நேற்று அவசரத்தில் அவர்களில் ஒருவரை எடுத்துவிட்டேன். மனிதர் பட்டினியோடு போனில் கூப்பிட்டு, நான் இருக்கறனுங்க அம்மணி என்றார்.